இடது பக்கமாகத் திரும்புவது

பிப்ரவரி 3

அன்புள்ள வாண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. நேற்று பிற்பகல் மூன்று பத்துக்கு, மையத்தில் இரண்டு பக்கமும் பிடித்து நடக்கிற இணைக்கம்பிகளுக்கு வெளியே வந்து, யாரையும் எதையும் பிடிக்காமல், பதினோரு அடி எடுத்துவைத்தேன். உறுதிசெய்தவர் பிசியோ. நான் பதின்மூன்று என்று எண்ணியிருந்தேன். அவள் பதினொன்று என்கிறாள். அவள் கணக்கையே எடுத்துக்கொள்.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுத இரண்டு காரணம். போனில் நாம் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை. அதோடு, தினமும் ஒரு பக்கமாவது கையால் எழுத வேண்டும் என்று பிசியோ உத்தரவு போட்டிருக்கிறாள். "என்னத்தை எழுதறது?" என்று கேட்டேன். "யாராவது படிக்கிற மாதிரி எழுதுங்க மேடம். அப்பத்தான் ஒழுங்கா எழுதுவீங்க" என்றாள். முப்பத்துநான்கு வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டியவளிடம் சொல்கிறாள். கடிதம் போய்ச் சேர ஆறு நாளாகுமாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளியூர்ச் செய்தி வந்துசேர்ந்த வேகம்தான்.

டிசம்பரில் நீ விமானம் ஏறியபோது நான் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. இப்போது நானே எழுந்து நிற்கிறேன். இடது முழங்கால் மட்டும் சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் மடங்குகிறது. கணுக்காலுக்குப் பட்டை கொடுத்திருக்கிறார்கள். நாலு கால் வைத்த கைத்தடி ஒன்றும் உண்டு. அதை நான் "ஆட்டுக்குட்டி" என்று அழைக்கிறேன்.

கால் பலவீனத்தைவிடப் பெரிய தொந்தரவு வேறு ஒன்று. நவம்பரில் வந்த பக்கவாதத்தின் அடைப்பு மூளையின் வலது பக்கம் என்பதால், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவ்வப்போது மறந்துவிடுகிறது. கண் நன்றாகத்தான் தெரிகிறது, கவனம்தான் அங்கே போவதில்லை. போன வாரம் கீழ்வீட்டு டெய்லரம்மாவிடம், "என்ன, நாளுக்கு நாள் சாப்பாட்டைக் குறைக்கிறே?" என்று குறைபட்டுக்கொண்டேன். அவள் என் தட்டை அரைவட்டம் திருப்பிவைத்தாள். இன்னொரு சாப்பாடு வந்தது.

பிசியோ என் இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டிப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள். நடக்கும்போது நான் ஏதாவது கேட்டால் கால் நின்றுவிடுகிறது. "கேள்வி கேக்கணும்னா நின்னு கேளுங்க. நடக்கணும்னா வாயை மூடிக்கிட்டு நடங்க. ரெண்டு வேலைக்கும் இப்போதைக்கு உங்க மூளையில ஆள் பத்தாது" என்கிறாள்.

இனி முக்கியமான விஷயம். மார்ச் 27ஆம் தேதி மதிப்பீடு. சமநிலைச் சோதனையில் ஐம்பத்தாறுக்கு நாற்பத்தைந்து வாங்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரப் பதினான்கு நொடிக்கு மேல் ஆகக்கூடாது. கடைசி ஆறு வாரத்தில் ஒருமுறைகூட விழுந்திருக்கக்கூடாது. மூன்றும் சரியாக இருந்தால், நான் தனியாக வசிக்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால், டிசம்பரில் நாம் பேசிவைத்தபடி உன் வீட்டுக்கு வருகிறேன். இன்றைய நிலவரம்: இருபத்தேழு மதிப்பெண், முப்பத்தொரு நொடி.

உன் வீட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே எனக்கு யாரையும் தெரியாது. நீ வேலைக்குப் போனபின் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இங்கே ஜன்னலைத் திறந்தால் நாலு பேர் திட்டுவதாவது கேட்கும்.

ராத்திரித் துணைக்கு டெய்லரம்மா மாடிக்கு வந்து படுக்கிறாள். மே முதல் வாரம் அவள் மகளுக்குப் பிரசவம். அதன்பின் வர முடியாது.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

பிரியமுள்ள,
அக்கா

—

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

கடிதம் நேற்று வந்தது. பதினோரு அடி என்று படித்ததும் வீட்டுக்காரியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் நான் பல் வலி என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, நீ செய்தி மாதிரி எழுதுகிறாய். எனக்குப் பயமாக இருப்பதெல்லாம் செய்தியில் வராத விஷயம். அதனால் கேள்விகளுக்கு எண் போட்டிருக்கிறேன். பதிலுக்கும் எண் போட்டு எழுது.

1. குளியலறையில் நான் மாட்டிய கைப்பிடி ஆடுகிறதா? போல்ட் போட்டுத்தான் மாட்டினேன், இருந்தாலும் வாரம் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்.
2. மாடிப்படி பதினேழையும் ஏறி இறங்குகிறாயா? யார் கூட?
3. ரத்த அழுத்த மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்?
4. குளியலறைக் கதவை உள்பக்கம் தாழ்போடுகிறாயா? போடாதே.
5. வாசலில் உள்ள மிதியடியைத் தூக்கிவிட்டாயா?
6. விழுந்தாயா?

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிறேன். லிஃப்ட் தரையும் மாடித் தரையும் அரை அங்குலம் பிசகினால் போதும், ஆறு மாதத்தில் ஒரு ஆளாவது தடுக்கி விழுவார். பெரிய பள்ளத்தில் யாரும் விழுவதில்லை அக்கா. பார்த்துத் தாண்டிவிடுவார்கள்.

உனக்கென்று ஒரு அறையைக் காலிசெய்து வைத்திருக்கிறோம். அவசரப்படுத்தவில்லை. ஒன்பதாவது மாடிதான், ஆனால் லிஃப்ட் இருக்கிறது. அதைப் பராமரிப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
வாண்டு
(ஐம்பத்துநாலு வயதில் எனக்கு இந்தப் பெயரில் கடிதம் வருவதைப் பார்த்துத் தபால்காரர் சிரிக்கிறார். உறையின் மேலாவது வேறு ஏதாவது எழுது.)

—

பிப்ரவரி 20

அன்புள்ள வாண்டு,

சமநிலை மதிப்பெண் முப்பத்தாறு ஆகியிருக்கிறது. நேற்றைய சோதனை, பிசியோ கையெழுத்திட்ட தாளிலிருந்து சொல்கிறேன். மூன்று மீட்டர் நடை இருபத்திரண்டு நொடி. அதுவும் அதே தாள்.

வீட்டிலும் பயிற்சி செய்கிறேன். டெய்லரம்மாவின் டேப்பால் அளந்தபோது, சாப்பாட்டு நாற்காலிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையே சரியாக மூன்று மீட்டர் இருந்தது. எழுந்து, ஃபிரிட்ஜ் வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். ஒருநாளைக்கு இருபது தடவை. சுவர்க் கடிகாரத்தை இறக்கி மேசைமேல் வைத்துக்கொண்டு நானே நேரம் பார்க்கிறேன். நேற்று பதினெட்டு நொடி. இது பிசியோவுக்குத் தெரியாது. தெரிந்தால், "கடிகாரத்தைப் பாக்காதீங்க மேடம், எதிர்ச் சுவரைப் பாருங்க" என்பாள். கெடு வைத்து எழுதியே பழகிய கை இது. கடிகாரம் இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

அவள் கொடுக்கும் மற்ற பயிற்சிகள் பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். இடது காலில் பாரத்தைப் போட்டபடி வலது காலைச் சின்ன ஸ்டூலின் மேல் வைத்து எடுக்க வேண்டும். ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து முப்பது நொடி நிற்க வேண்டும். இடது காலில் பாரம் போடு என்றால் உடம்பு ஒத்துக்கொள்வதில்லை. பழைய கட்டடத்தில் கால்வைக்கிற மாதிரி பயந்து பயந்து வைக்கிறேன். "அது உங்க கால்தான் மேடம், நம்புங்க" என்கிறாள். அந்தக் கால் ஏற்கெனவே ஒருமுறை என்னை ஏமாற்றியிருக்கிறதே என்றேன். "அதுக்காக அதை வேலைய விட்டு எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

உன் கேள்விகளுக்கு:
1. ஆடவில்லை. டெய்லரம்மாவின் கணவர் ஸ்பானர் வைத்துப் பார்த்தார்.
2. வாரம் மூன்று நாள், பயிற்சிக்குப் போகும்போது. அவரே கூட வருகிறார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.
3. டப்பாவில் கிழமை எழுதி டெய்லரம்மா போட்டுவைக்கிறாள்.
4. போடுவதில்லை. பிசியோவும் இதையே சொன்னாள்.
5. தூக்கியாகிவிட்டது. இப்போது அது அவர்கள் கடையில் தையல் மிஷினுக்குக் கீழே கிடக்கிறது.
6. விழவில்லை.

ஐந்து வாரம் இருக்கிறது. ஒன்பது மதிப்பெண், எட்டு நொடி. முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

பிரியமுள்ள,
அக்கா

—

பிப்ரவரி 28

அன்புள்ள அக்கா,

மூன்று நாளாக உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

இரண்டு விஷயம். கோபப்படாமல் படி.

லிஃப்ட் ஓடும் கம்பி நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். உன் இரண்டு கடிதங்களையும் சுவரில் ஒட்டி அதே மாதிரி பார்த்தேன். வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. முதல் கடிதத்தில் இடது ஓரம் மேலே மூன்று சென்டிமீட்டர் காலி, கீழே ஐந்து. இரண்டாவதில் மேலே நாலு, கீழே ஏழரை. ஒவ்வொரு வரியும் முந்தின வரியைவிடக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளித் தொடங்குகிறது. மதிப்பெண் கூடுகிறது என்கிறாய். ஆனால் உன் இடது பக்கம் கைநழுவிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், பிசியோவிடம் காட்டு.

இரண்டாவது விஷயம். உன் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருக்கிறது. மதிப்பெண்ணுக்குத் தாள், கைப்பிடிக்கு ஸ்பானர், தாழ்ப்பாளுக்கு பிசியோ. ஆறாவது கேள்விக்கு மட்டும் ஒரே ஒரு சொல், ஆதாரம் கிடையாது. என் பள்ளிக்கூடக் கட்டுரையைக்கூட "யார் சொன்னாங்க?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தவள் நீ.

விழுந்தாயா அக்கா?

வாண்டு

—

மார்ச் 8

அன்புள்ள வாண்டு,

மதிப்பெண் நாற்பத்திரண்டு. ஆதாரம் பிசியோவின் தாள். மூன்று மீட்டர் நடை பதினைந்து நொடி. தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்.

ஓரத்தைப் பற்றி நீ எழுதியது சரி. பிசியோவிடம் காட்டினேன். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இப்போது தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுக்கிறாள். கோட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் எழுத்தைத் தொடங்க வேண்டும். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் கோட்டைத் தேடினேன். வீட்டில் எல்லாக் கதவுநிலைகளின் இடது பக்கத்திலும் சிவப்பு டேப் ஒட்டியாயிற்று. வீடு முழுக்க ஏதோ விசாரணை நடக்கிற மாதிரி இருக்கிறது.

மற்றபடி, நீ கேட்ட மாதிரி ஒரு தகவல் என் கவனத்துக்கு வரவில்லை. நீ நிம்மதியாக இரு. மார்ச் 27க்கு இன்னும் பத்தொன்பது நாள்தான்.

உன் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரிசெய்துவிட்டு நீ படியேறுவதாக உன் வீட்டுக்காரி எழுதியிருந்தாள்.

அக்கா

—

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

"என் கவனத்துக்கு வரவில்லை." இது மந்திரிகள் சொல்கிற பதில். இப்படிச் சொன்னவர்களை நீ என்ன பாடு படுத்தினாய் என்று எனக்குத் தெரியும்.

நேற்று டெய்லரம்மாவுக்கு போன் செய்தேன். அவருக்குப் பொய் சொல்ல வராது அக்கா, அந்த வேலையை ஏன் அவரிடம் கொடுத்தாய்? "விழல தம்பி" என்றார். "சத்தியமாவா?" என்றேன். "அதாவது, விழுந்தாங்க. ஆனா மெதுவாத்தான் விழுந்தாங்க" என்றார். பிறகு அழுதுவிட்டார்.

பிப்ரவரி 16, காலை பத்தரை மணி. பால் பொங்குகிறது என்று அடுப்புப் பக்கம் சட்டென்று இடது பக்கமாகத் திரும்பியிருக்கிறாய். கால் வரவில்லை. அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில் நாற்பது நிமிடம் கிடந்திருக்கிறாய். கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாயாம். கீழே மிஷின் ஓடியதால் அவருக்குக் கேட்கவில்லை. நூல் அறுந்து மிஷினை நிறுத்தியபோதுதான் கேட்டதாம். நாலு நாள் கழித்து எனக்கு "விழவில்லை" என்று எழுதியிருக்கிறாய்.

நூல் அறுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட் கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு ஏற்பாடு இருக்கும். உனக்கு அங்கே என்ன இருக்கிறது?

பிசியோவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். என்மேல் உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதான் செய்தேன்.

வாண்டு

—

மார்ச் 22

தம்பிக்கு,

மார்ச் 27 மதிப்பீடு ரத்து. ஆதாரம் மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த கடிதம். மறு தேதி ஏப்ரல் 29. ஆறு வாரக் கணக்கு, நான் விழுந்ததை ஒப்புக்கொண்ட மார்ச் 18இலிருந்து புதிதாகத் தொடங்குகிறது.

பதினெட்டாம் தேதி பிசியோ என்னைச் சுற்றிவளைக்காமல் கேட்டாள், நானும் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. "எங்கே, நாற்காலியிலேர்ந்து எழுந்து போயிட்டு வாங்க. ஆனா இடது பக்கமாத் திரும்புங்க" என்றாள். மூன்று மீட்டர் போனேன். திரும்ப முடியவில்லை. இடது கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. பதினோரு சின்ன அடி வைத்து அரைவட்டம் போட்டேன், அதற்குள் இரண்டு முறை அவள் பெல்ட்டை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒருநாளைக்கு இருபது தடவை, ஒரு மாதம், நான் வலது பக்கமாகவே திரும்பிப் பழகியிருக்கிறேன். அப்படித்தான் வேகமாகத் திரும்ப முடிந்தது. கடிகாரம் பார்த்தது என் வலது காலை மட்டும்.

இதுவரை நீ சொன்னது சரி.

இப்போது நேற்று நடந்தது. காலை பதினொன்றுக்கு அழைப்பு மணி. நான் ஸ்டூலில் கால்வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். டெய்லரம்மா கதவைத் திறந்தாள். வீட்டு ஓனரும், அவருடன் ஒரு இளம் தம்பதியும். அந்தப் பெண் கையில் டேப். "நீங்க பாட்டுக்கு உங்க எக்சர்சைஸைப் பண்ணுங்க மேடம், ஜன்னல் மட்டும் அளந்துக்கறோம்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். திரைச்சீலைக்காம். "மே மாசம் நீங்க காலி பண்றீங்கன்னு உங்க தம்பி போன்ல சொன்னதா சார் சொன்னாரே" என்றாள். ஓனர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் ஜன்னலை அவள் அளந்து முடிக்கும்வரை நான் ஒற்றைக் காலை ஸ்டூலில் வைத்தபடி நின்றேன். இறக்கினால் விழுந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

நான் ஒரு விழுகையை மறைத்தேன். நீ என் வீட்டையே காலிசெய்துவிட்டாய். பதினைந்தாம் தேதிக் கடிதத்தில் டெய்லரம்மாவுக்கு போன் செய்ததை எழுதியிருக்கிறாய், பிசியோவுக்குச் செய்ததை எழுதியிருக்கிறாய். மூன்றாவது போனைப் பற்றி ஒரு வரி இல்லை.

இனி எழுத ஒன்றுமில்லை.

—

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

நேற்று உன் கடிதம் கிடைத்த உடனே ஓனருக்கு போன் செய்து, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்தத் தம்பதிக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார். "அக்கா வீட்டைப் பத்தித் தம்பி ரெண்டு தடவை மாத்திப் பேசறீங்க. அவங்ககிட்டயே பேசிக்கறேன்" என்றார். அவர் சொன்னது நியாயம்.

செய்தது தப்பு. டெய்லரம்மாவிடம் பேசி முடித்த அதே கையோடு ஓனருக்கும் அடித்துவிட்டேன். ஐந்து நிமிடம் ஆறப்போட்டிருந்தால் செய்திருக்கமாட்டேன். வீட்டுக்காரியிடமும் சொல்லவில்லை. இப்போது தெரிந்து, நேற்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுத் தட்டை மட்டும் தட்டுகிறாள்.

எழுது அக்கா. திட்டியாவது எழுது.

வாண்டு

—

ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை. டெய்லரம்மாவுக்கு போன் செய்யவில்லை. பிசியோவுக்கும் செய்யவில்லை. எண்ணை எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன்.

நவம்பரில் ஆஸ்பத்திரியில் உனக்கு நினைவில்லாத ஒரு நாளைப் பற்றி நான் சொன்னதில்லை. மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன். நான் உன் இடது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ நர்ஸிடம், "என் தம்பி எப்ப வருவான்?" என்று கேட்டாய். இங்கேதான் இருக்கிறேன் என்றேன். நீ சுவரைப் பார்த்து, "குரல் மட்டும் கேக்குது" என்றாய். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் வந்து உட்கார்ந்தேன். "வந்துட்டியா" என்றாய்.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் பயம் இருக்கிறது. வேலையில் கைபோன் அடித்தால் ஏணியிலிருந்து இறங்கிவிட்டுத்தான் எடுக்கிறேன். உன்னைப் பற்றிய செய்தியாக இருந்தால் மேலே நின்று கேட்கக்கூடாது என்று. பக்கத்தில் இருந்தும் உனக்கு நான் இல்லாமல் போனேன், இவ்வளவு தூரத்தில் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றுகிறது. அதனால்தான் உன்னை இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவசரம். உன் நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டேன். பாதிக்கு மேல் என் நிம்மதிக்குத்தான்.

நீ வர வேண்டாம், எழுதினால் போதும். விழுந்தால் விழுந்தேன் என்று எழுது. நான் யாருக்கும் போன் செய்யமாட்டேன், எந்த வீட்டையும் காலிசெய்யமாட்டேன். படித்துவிட்டு உனக்கு மட்டும் பதில் எழுதுவேன்.

வாண்டு

—

ஏப்ரல் 19

அன்புள்ள வாண்டுவுக்கு,

நேற்று மதியம் பன்னிரண்டு இருபதுக்கு நான் மறுபடி விழுந்தேன். ஆதாரம் நான்தான், வேறு யாரும் பார்க்கவில்லை. அடி பலமில்லை. இடது முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் உள்ளங்கை அளவு கன்றிப்போயிருக்கிறது. காயத்தைப் பார்த்தவர் பிசியோ.

நடந்தது இது. டெய்லரம்மா நூல் வாங்கப் போயிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. தபால்காரர் என்று தெரிந்துவிட்டது, அவருக்கு ஒரு இருமல் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, இடது பக்கமாகத் திரும்பினேன். ஒரு மாதமாக இடது பக்கமாகவே பழகுகிறேன். முதலில் தலையைத் திருப்பி, இடது ஓரத்தில் ஏதாவது ஒன்றைக் கண்ணால் பிடித்து, பிறகு இடது காலை எடுத்து, அதன்மேல் பாரம் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த காலை வைக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தேன். பாதி வட்டத்தில், "இருங்க, வர்றேன்" என்று குரல் கொடுத்தேன். கால் நின்றது. உடம்பு நிற்கவில்லை.

தபால்காரருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. கதவுக்கு அடியில் கடிதத்தைத் தள்ளிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அது வழுக்கிக்கொண்டு என் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. உன் ஒன்பதாம் தேதிக் கடிதம். எழுந்திருக்கும் முன் அதைத் தரையில் கிடந்தே படித்தேன். பல்லால் உறையைக் கிழிக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்தது எனக்கு நினைவில்லை. நான் எழுதும் எதற்கும் இரண்டாவது ஆள் உறுதி கேட்பேன். இதற்குக் கேட்கவில்லை.

பிறகு எழுந்தேன். மதிப்பீடு தள்ளிப்போனதிலிருந்து பிசியோ இதைத்தான் முக்கால் மணிநேரம் சொல்லிக்கொடுக்கிறாள். வலது பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, நாற்காலி வரை தவழ்ந்து, இருக்கையில் கைவைத்து மண்டியிட்டு, வலது பாதத்தை முன்னால் வைத்து எழ வேண்டும். மையத்தில் மெத்தை விரித்திருப்பார்கள், அவள் கையும் பக்கத்தில் இருக்கும். நேற்று இரண்டும் இல்லை. பதினான்கு நிமிடம் ஆயிற்று. இதற்கும் ஆதாரம் சுவர்க் கடிகாரமும் நானும் மட்டுமே. முதல் முயற்சியில் முழங்கால் மடங்கி மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் முயற்சியில் வந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்ததும், சொல்லாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. பார்த்தவர் இல்லை. மதிப்பெண் நாற்பத்தாறு வந்துவிட்டது, இடது திருப்பத்தோடு சேர்த்துப் பதின்மூன்று நொடி. இரண்டும் போன வெள்ளிக்கிழமைத் தாள். மிச்சம் இருந்தது ஆறு வாரக் கணக்கு மட்டும், அதிலும் பதினோரு நாள்தான். முழுக்கைச் சட்டை போட்டால் சிராய்ப்பு தெரியாது. எந்தச் சட்டை என்பது வரை யோசித்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு பிசியோவுக்கு போன் செய்தேன். அவள் வந்து பார்த்தாள். சிராய்ப்பைக் கழுவிவிட்டுத் தாளை எடுத்தாள்.

"அறிக்கைல எழுதுவேன் மேடம்."

"எழுதத்தான் சொல்றேன்."

"நீங்களா எழுந்ததையும் எழுதுவேன். ஆனா நீங்க சொல்றீங்கன்னுதான் எழுத முடியும். நான் பாக்கலை."

"அப்படியே எழுது. அதுதான் முறை."

டெய்லரம்மா வந்து கேட்டுவிட்டு, கடைக்குப் போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். உனக்கு போன் செய்யட்டுமா என்றாள். நானே எழுதுகிறேன் என்று சொன்னேன்.

உன்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது முழு உண்மை இல்லை. அந்தப் பெண் ஜன்னலை அளந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் நானும் உனக்குத் தவறான செய்தி அனுப்பியிருக்கிறேன், அதுவும் கேள்வி கேட்டவனுக்கே. அந்த ஆறாவது பதிலைத் திருத்திக்கொள். பிப்ரவரி 16ஆம் தேதி விழுந்தேன். நாற்பது நிமிடம் இல்லை, ஐம்பது. பயமாக இருந்தது.

29ஆம் தேதிக்கு நீ வருவதாக இருந்தால் வா. மதிப்பீட்டு அறைக்கு வெளியே நாற்காலி போட்டிருக்கிறார்கள். போக வர உனக்கு மட்டும் டிக்கெட் எடு. எனக்கு எடுக்க வேண்டியிருந்தால் நானே கேட்பேன்.

இன்னும் தெரியாதவை: தனியாக விழுந்து தனியாக எழுந்ததை டாக்டர் எந்தப் பக்கம் சேர்ப்பார் என்பது. பிசியோவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை, ஊகிக்க மாட்டேன் என்றாள். வீட்டு ஓனர் தன் முடிவை 28ஆம் தேதி நேரில் வந்து சொல்வதாக இருக்கிறார். டாக்டரின் கையெழுத்து 30ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது. எப்படி வந்தாலும் நான்கரைக்குள் உனக்கு நானே சொல்கிறேன்.

பிரியமுள்ள,
அக்கா